மண் பாதையில் ஓடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சூர் ஏரியைச் சுற்றியும் கப்பன் பார்க்கிலும் ஓடிப் பழகிய நம்மவர்கள் பலர், கொஞ்ச நாளில் மண் பாதைப் பந்தயங்களுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. நகருக்குள்ளேயே துரஹள்ளிக் காடு. கொஞ்சம் வெளியே போனால் சவனதுர்கா, ராமநகரா, மாகளிதுர்கா, நந்தி மலை. ஆனால் ரோட்டில் பழகிய பழக்கங்களை அப்படியே மலைக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் தூரக் கணக்கு. ரோட்டில் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிப்பவர், மலையிலும் அதே ஒரு மணி நேரத்துக்கான தண்ணீரோடு கிளம்பிவிடுகிறார். மலையில் ஏற்றத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் நடப்பவர்களுக்காக ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ட்ரெயில் (மண் பாதை) ஓட்டக்காரர்கள் 100 மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் ஒரு கிலோமீட்டராக எடுத்துக்கொள்கிறார்கள். 15 கிலோமீட்டரில் 700 மீட்டர் ஏற்றம் என்றால் அது 22 கிலோமீட்டருக்குச் சமம். இறக்கமும் லேசுப்பட்டதல்ல. சவனதுர்கா போன்ற மொட்டைப் பாறையில் நீர் வழிந்து வழிந்து கறுப்பாகப் பட்டை விழுந்திருக்கும். காய்ந்திருந்தால் பயமில்லை, ஒரு தூறல் போட்டால் போதும், எந்த ஷூவும் அதில் நிற்காது. வெளிறிய சொரசொரப்புப் பாறையில் மட்டும் கால் வையுங்கள்.

குறியிட்ட பாதையில் ஓடும் பந்தயத்தில் இதோடு தப்பித்துவிடலாம். வரைபடத்தைக் கையில் கொடுத்து நீங்களே வழி கண்டுபிடியுங்கள் என்று விடும் ஓரியன்டீரிங், ரோகெய்னிங் பந்தயங்களில் காலை மட்டும் நம்பினால் காரியம் ஆகாது. வேகமாக ஓடுகிறவர்களே இங்கே அதிகம் தொலைகிறார்கள்.

வரைபடத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, பாதை பிரியும் இடத்தில் மட்டும் எடுத்துப் பார்ப்பது பெரிய தவறு. அது எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதன் வடக்கு, தரையின் வடக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நீங்கள் வலதுபக்கம் திரும்பினாலும் வரைபடம் திரும்பக் கூடாது. நிற்கும் இடத்தின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவைக் கடந்ததும் விரலை நகர்த்துங்கள். ஒரு மாதம் இப்படிப் பழகினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அளவுகோலைப் பார்க்காமல் ஓடுபவர்களும் உண்டு. 1:10,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 100 மீட்டர். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் அதே ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டர். அந்தத் தாளில் சமஉயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். அதாவது 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று, எந்தக் கோட்டிலும் தெரியாமல் உங்கள் வழியில் நிற்கலாம். நம் பக்கத்து கிரானைட் குன்றுகளில் இது நடக்கக்கூடியதுதான்.

நிறங்களிலும் ஏமாறுகிறார்கள். ஓரியன்டீரிங் வரைபடத்தில் வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு, மஞ்சள் என்றால் திறந்த வெளி. பச்சை அடர அடரப் புதர். நம் ஊர்ப்பக்கம் அந்த அடர்பச்சை பெரும்பாலும் உண்ணிச்செடிதான். அதற்குள் 200 மீட்டர் கிழித்துக்கொண்டு போவதைவிட 600 மீட்டர் சுற்றிப் போவது சீக்கிரம், சட்டையும் பிழைக்கும்.

இந்தப் பந்தயங்களில் நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டிய இடம்தான் கண்ட்ரோல். அதைக் காட்டும் ஆரஞ்சு வெள்ளைத் துணி, பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்தான். அதை நேராகத் தேடிப் போகாதீர்கள். அதற்குப் பக்கத்தில் தப்பவே முடியாத பெரிய அடையாளம் ஒன்றைப் பிடியுங்கள்: ஏரிக்கரையின் முனை, மின்கம்பி வழி, ஊர் எல்லைக் கோயில். அதுவரை வேகமாக ஓடலாம். அங்கிருந்து காம்பஸ் பிடித்து, அடியை எண்ணி, மெதுவாகப் போங்கள். துணியைப் பார்த்ததும் அங்கே இருக்கும் எண் உங்கள் கண்ட்ரோலுடையதுதானா என்று சரிபாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு பிரிவுக்கான கண்ட்ரோல் இருக்கும். முன்னால் ஓடுபவரை நம்பிப் பின்னால் போனால் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசமான தவறு ஒன்று உண்டு. தரையும் வரைபடமும் பொருந்தாதபோது, பொருந்துவதாக நினைத்துக்கொள்வது. ஓடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாய்க்கால் தெரிகிறது; மழை இல்லாததால் சுருங்கியிருக்கும் என்று மனசு சமாதானம் சொல்கிறது. அடுத்து வர வேண்டிய குன்று வரவில்லை. கொஞ்சம் தள்ளி இருக்கும் என்கிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சமாதானம் சொல்லி ஒரு கிலோமீட்டர் தவறான திசையில் போய்விடுவார்கள். முதல் சந்தேகத்திலேயே நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். திரும்ப ஆகும் ஐந்து நிமிடத்துக்கு மனசு வராது, ஆனால் அதுதான் மலிவான வழி. தைலமரத் தோப்புகளில் டிராக்டர் தடம் வருஷத்துக்கு வருஷம் மாறும், புது லேஅவுட் வந்தால் பாதையே காணாமல் போகும். மேடுபள்ளம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. கல்குவாரி இல்லாத இடத்தில் அதையே நம்புங்கள்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்; வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரியன்டீரிங் பந்தயங்களில் பொதுவாக அதைப் பார்த்து வழி தேட அனுமதி இல்லை, ஆபத்துக்கு மட்டும் பையில் இருக்கட்டும். ஃபிளைட் மோடில் போட்டால் சார்ஜ் நிற்கும். கிளம்பும் முன் பக்கத்துக் கிராமத்தின் பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 108-க்கோ 112-க்கோ போன் போட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்து மயக்கம் வரும். ஓஆர்எஸ் வைத்திருங்கள், பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டும் கலக்குங்கள். ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே மாதம் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் குளிரிலும் காற்றிலும் 21 பேர் இறந்தார்கள். நம் மலைகள் அந்த உயரம் இல்லை, ஆனால் வியர்வையில் நனைந்த உடம்பில் மழையும் காற்றும் அடித்தால் நந்தி மலையிலும் நடுக்கம் எடுக்கும்.

ராமநகராவில் கரடியும் சிறுத்தையும் உண்டு, பன்னேர்கட்டா பக்கம் யானை. வனத்துறை அனுமதி இல்லாமல் பயிற்சிக்கு நுழையாதீர்கள், இருட்டு விலகாத நேரத்தில் காதில் இயர்போன் வேண்டாம்.

கடைசியாக, பாதியில் நிறுத்துபவர்கள் செய்யும் தவறு. கால் வலித்து ரோட்டுக்கு வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி ஹோசூருக்கோ கோரமங்களாவுக்கோ போய்விடுகிறார்கள். முடிவிடத்தில் யாருக்கும் சொல்வதில்லை. நேரம் முடிந்தும் ஒரு பெயர் வராமல் இருந்தால் அமைப்பாளர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு அந்தப் பாறைகளுக்கு நடுவே தேடப் போவார்கள். எந்த நிலையிலும் முடிவிடத்துக்குப் போய், அல்லது போனிலாவது, உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.