தேசியவாதம், தொழிற்புரட்சி, ஏகாதிபத்தியம்: வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

தொழிற்புரட்சியை நடத்துகிறோம், யூனிட் டெஸ்ட் வைக்கிறோம், மூடிவிடுகிறோம். அப்புறம் இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பு, அதையும் மூடியாச்சு. ஆப்பிரிக்கா வரும்போது போர்ஷன் முடிக்கிற அவசரம். மூன்றும் மூன்று வேறு கிரகத்தில் நடந்தவை போலப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நானும் பல வருடம் இப்படித்தான் நடத்தினேன், அதனால் கீழே வருவதில் பாதிக்கு மேல் என் சொந்தத் தவறுகள்.

முதல் தவறு, மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டது. அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது ஒரு கப்பல் கம்பெனி. 1860 மே மாதம், இத்தாலி ஒருங்கிணைப்புக்குப் போராடிய கரிபால்டி தன் ஆயிரம் தொண்டர்களோடு ஜெனோவா பக்கத்திலிருந்து சிசிலிக்குக் கிளம்பினாரே, அவர்கள் போனது பியமோன்டே, லொம்பார்டோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களில். இரண்டும் ருபாட்டினோ கம்பெனியுடையவை. கம்பெனிக்குள்ளேயே ஆள் இருந்ததால், கடத்திக்கொண்டு போவதுபோல் ஒரு நாடகம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஒன்பது வருடம் கழித்து, சூயஸ் கால்வாய் திறந்த அதே 1869 நவம்பரில், அதே கம்பெனியின் பெயரில் செங்கடல் ஓரம் அசாப் என்ற இடத்தில் நிலம் வாங்கப்படுகிறது. நீராவிக் கப்பல் என்றால் வழியில் கரி நிரப்ப இடம் வேண்டுமே. 1882-ல் இத்தாலிய அரசு அசாபைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது, 1890-ல் எரித்திரியா என்ற காலனி பிறக்கிறது. அந்தக் காலனியை எத்தியோப்பியாவுக்குள் விரிக்கத் துடித்த பிரதமர் பிரான்செஸ்கோ கிரிஸ்பி யார் என்று பார்த்தால், 1860-ல் அந்தக் கப்பல்களில் போன ஆயிரம் பேரில் ஒருவர்!

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள், "அப்போ அவரு நல்லவரா, கெட்டவரா சார்?"

அவள் மேல் தப்பில்லை. தேசியம் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் பிள்ளைகளுக்குச் சுதந்திரப் போராட்டம்தான் நினைவுக்கு வரும், அந்த ஒளிவட்டத்தை அப்படியே கொண்டுபோய், ஜெர்மனியை ஒருங்கிணைத்த பிஸ்மார்க் தலையிலும் மாட்டிவிடுவார்கள். 1862-ல் அவர் 'இரும்பும் இரத்தமும்' என்று பேசியதை ஒரு வீரவசனமாகவே விடைத்தாளில் எழுதியவர்கள் உண்டு. சொல்லைப் பிரித்துக் காட்டாமல் பாடத்துக்குள் போவது இரண்டாவது தவறு. இதற்கும் கப்பலே போதும். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியை ருபாட்டினோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே நீராவிக் கப்பல், இரண்டின் கதையிலும் தேசியம் இருக்கிறது. ஒன்று ஏகாதிபத்தியத்தின் கப்பலோடு போட்டி போட்டு ஓடியது, இன்னொன்று ஏகாதிபத்தியத்துக்கு ஏணி போட்டுக் கொடுத்தது. இப்படி வைத்துவிட்டால் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியைப் பிள்ளைகள் தாங்களாகவே கொஞ்சம் தள்ளிவைக்கிறார்கள்.

தொழிற்புரட்சியில் நாம் செய்யும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நூற்பு, நெசவு இயந்திரங்களைக் கண்டுபிடித்த ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன், கார்ட்ரைட், பொருத்துக. அங்கே மூளைக்காரர்கள் இருந்தார்கள், இங்கே இல்லை என்பதுதான் அதிலிருந்து பிள்ளை எடுத்துக்கொள்ளும் பாடம். அந்த இயந்திரங்கள் வருவதற்கு வெகு முன்பே, இந்தியாவிலிருந்து போன அச்சுப் பருத்தித் துணி லண்டன் சந்தையைப் பிடித்துவிட, பட்டு, கம்பளி நெசவாளர்கள் கலகம் செய்ய, 1721-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை உடுத்தவே தடைபோட்டது என்பதைச் சொல்கிறோமா? காலிகோ என்ற துணிப் பெயரே கோழிக்கோட்டிலிருந்து போனது. அதற்காகத் தடைச்சட்டம்தான் தொழிற்புரட்சியையே கொண்டுவந்தது என்று மறுபக்கம் சாயவும் வேண்டாம், நிலக்கரியும் இருந்தது, அடிமைகள் பறித்த அமெரிக்கப் பஞ்சும் இருந்தது.

இப்போது என்னுடைய பெரிய சொதப்பல். எங்கேயோ பார்த்த யோசனையை நம்பி, ஆப்பிரிக்க வரைபடத்தைத் தரையில் விரித்து, பிள்ளைகளை பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி என்று பிரித்து, ஆளுக்கொரு நிறச் சாக்பீஸ் கொடுத்து, இடம் பிடிக்கச் சொன்னேன். வகுப்பே அதிர்ந்தது, பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மணி அடித்த பிறகுதான் உறைத்தது: நாற்பது பேரில் ஒருவர்கூட ஆப்பிரிக்கராக இல்லை. நாற்பது நிமிடத்தில் நான் கற்றுக்கொடுத்தது இடம் பிடிப்பது ஜாலி என்பதை மட்டும்தான். போதாக்குறைக்கு அது தகவலிலும் பிழை. ஆப்பிரிக்கா பற்றிப் பேச ஐரோப்பிய நாடுகள் கூடிய 1884-85 பெர்லின் மாநாட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லா எல்லைக் கோடுகளையும் போட்டுவிடவில்லை. அங்கே பெரும்பாலும் விதிகளைப் பேசினார்கள், கோடுகளில் பல பிறகு இரண்டிரண்டு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் வந்தவை. ஆப்பிரிக்கப் பிரதிநிதி யாரும் அழைக்கப்படவில்லை என்பது மட்டும் உண்மை, அந்த உண்மையைத்தான் என் விளையாட்டு சரியாக மறுபடி நடித்துக் காட்டியது.

அந்த விளையாட்டை விட்டுவிட்டேன். அந்த ஒரு பாடவேளையை இப்போது உச்சியாலே ஒப்பந்தத்துக்குக் கொடுக்கிறேன். 1889-ல் இத்தாலியும் எத்தியோப்பிய மன்னர் இரண்டாம் மெனெலிக்கும் செய்துகொண்டது, இரண்டு மொழியில் எழுதப்பட்டது. 17-வது பிரிவு மன்னரின் வெளிநாட்டு விவகாரங்களைப் பற்றியது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழிப் பிரதியில், அவற்றை இத்தாலி வழியாக நடத்திக்கொள்ளலாம் என்ற பொருள். இத்தாலியப் பிரதியிலோ அப்படி நடத்த மன்னர் சம்மதிக்கிறார் என்ற பொருள். '-லாம்' என்பதற்கும் 'சம்மதிக்கிறார்' என்பதற்கும் நடுவில் ஒரு நாட்டின் சுதந்திரமே போய்விடுகிறது என்று தமிழ் படிக்கிற பிள்ளைக்கு விளக்கத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. மெனெலிக் ஒப்பந்தத்தை நிராகரித்தார், 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் சுமார் ஒரு லட்சம் பேர் கொண்ட அவரது படை இத்தாலியப் படையை முறியடித்தது. கிரிஸ்பி பதவி விலகினார். மெனெலிக் படையிடம் வில்லும் ஈட்டியும்தான் இருந்தன என்று நினைக்கவிடாதீர்கள், ஐரோப்பியத் துப்பாக்கிகள் ஏராளம் இருந்தன, முன்பு இத்தாலியிடமிருந்தே வந்தவையும் அதில் உண்டு. தொழிற்புரட்சி இங்கே மறுபடி தானாக உள்ளே வந்துவிடுகிறது பாருங்கள்.

கடைசியாக, 'ஏகாதிபத்தியத்தின் நன்மை தீமைகள்' என்று இரண்டு கட்டம் போட்டு ரயிலையும் தபாலையும் இடது கட்டத்தில் எழுதவைக்கும் பழக்கம். முடிந்தால் அதை விட்டுவிடுங்கள். ரயில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு 5 சதவீத வருமானம் உத்தரவாதம் செய்தது அரசு, குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டியது. இது எந்தக் கட்டத்தில் வரும்?

நான் அந்த 'நன்மை தீமைகள்' கேள்வியை விட்டுவிட்டு, உச்சியாலே ஒப்பந்தத்தின் 17-வது பிரிவின் இரண்டு வடிவங்களையும் கொடுத்து, கையெழுத்துப் போட்ட இருவரும் எதை நினைத்துப் போட்டிருப்பார்கள் என்று ஐந்து மார்க்குக்குக் கேட்கிறேன். திருத்த நேரம் பிடிக்கிறது. கைடில் இதற்குப் பதில் இல்லையே என்று சென்ற வருடம் ஓர் அப்பா நேரில் வந்து சண்டை போட்டார்.