சிகரெட்டை விட்டதும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதா?

சிகரெட்டை விட்டால் உடம்பு சுறுசுறுப்பாகிவிடும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கண் செருகுகிறது என்று மூன்றாம் நாள் மதியம் கணினி முன்னால் உட்கார்ந்து குழம்பியது இன்னும் நினைவிருக்கிறது. ஒரே மின்னஞ்சலை நாலு தடவை படித்தேன், நாலாவது தடவையும் மண்டையில் ஏறவில்லை. கை தன்பாட்டுக்குச் சட்டைப் பையைத் தடவியது, உள்ளே பேனா மட்டும்தான் இருந்தது.

நீங்களும் இப்போது அந்தக் கட்டத்தில் இருந்தால் முதலில் ஒன்று: உங்களுக்குப் புதிதாக எந்த நோயும் வந்துவிட்டதாகப் பதற வேண்டாம். நிக்கோட்டின் ஒரு ஊக்கி. இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய், அட்ரினலினைச் சுரக்க வைத்து, இதயத்துடிப்பையும் ஏற்றிவிடும். வருஷக்கணக்கில் நாளுக்குப் பத்து இருபது தடவை இப்படித் தட்டி எழுப்பப்பட்ட உடம்பு, தட்டுவதற்கு ஆள் இல்லையென்றதும் சுருண்டு படுக்கத்தான் பார்க்கும். ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், அதனால் பெரும்பாலானவர்களுக்கு முதல் 2, 3 நாட்கள்தான் உச்சம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே முடிந்தால் முக்கியமான வேலை எதையும் அந்த முதல் மூன்று நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் சொக்கும்போது வண்டி ஓட்டவே வேண்டாம்.

சரி, தூக்கம் வருகிறது, இன்னொரு காபி குடிப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் செய்த பெரிய தப்பு அதுதான். புகையில் இருக்கும் சில ரசாயனங்கள், காபி, டீயில் இருக்கும் கஃபீனைக் கல்லீரலில் உடைக்கும் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. இது நிக்கோட்டின் வேலை இல்லை, புகையின் வேலை. அதனால் புகைப்பவர்களுக்குக் குடித்த காபி சீக்கிரமே கரைந்துவிடும். சிகரெட்டை நிறுத்திய சில நாட்களில் அந்த நொதி அடங்கிவிட, நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் அதே மூன்று கோப்பைக்கு ரத்தத்தில் தங்கும் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். விளைவு: படபடப்பு, கைநடுக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது, மறுநாள் இன்னும் அசதி, அதைப் போக்க இன்னொரு காபி. நிக்கோட்டின் பேட்ச் (தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிக்கோட்டின் தரும் ஒட்டு) ஒட்டிக்கொண்டு சிகரெட்டை விடுகிறவர்களுக்கும் இதே கதைதான், ஏனென்றால் பேட்ச்சில் புகை இல்லை. எனவே காபி, டீ எதுவானாலும் பாதியாகக் குறையுங்கள், மதியத்துக்குப் பிறகு தொடாதீர்கள். ஒரேயடியாக நிறுத்திவிடவும் வேண்டாம், கஃபீனைத் திடீரென்று விட்டால் அதற்கென்று தனியாக ஒரு தலைவலியும் சோர்வும் வரும். இரண்டு சண்டையை ஒரே வாரத்தில் போடுவானேன்?

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிகரெட்டோடு சேர்த்து ஓய்வையும் விட்டுவிடுகிறோம். தம் அடிக்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போய், ஐந்து நிமிஷம் யார் முகத்தையும் பார்க்காமல் ஆழமாக மூச்சை இழுத்து விட்டுத் திரும்பி வந்தோமே, அந்த ஐந்து நிமிஷம் நமக்குத் தேவையாகத்தான் இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்துக்கு எழுந்திருங்கள், வேறு பக்கமாகப் போங்கள் (பழைய கூட்டாளிகள் நிற்கும் மூலைக்கு இப்போதைக்கு வேண்டாம்), பத்து நிமிஷம் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். நடக்கவே தெம்பில்லை என்று தோன்றும், ஆனால் நடந்து திரும்பும்போது கண் திறந்திருக்கும், புகைக்கும் ஆசையும் கொஞ்ச நேரத்துக்குத் தணியும்.

பகலில் தாங்கவே முடியவில்லை என்றால் படுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். 20 நிமிஷத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு நாள் அலாரம் வைக்காமல் படுத்து, இருட்டிய பிறகு எழுந்து, காலையா மாலையா என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் போனது போனதுதான். ராத்திரித் தூக்கம் இந்த நாட்களில் எப்படியும் துண்டு துண்டாகத்தான் வரும், விசித்திரமான கனவுகளும் வரும், அதனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே படுத்துவிடுவது நல்லது. 24 மணி நேர பேட்ச் ஒட்டியிருந்து கனவுகள் தொல்லையாக இருந்தால், படுக்கும் முன் அதைக் கழற்றலாமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். எதுவும் ஒட்டாமல் ஒரேயடியாக விட்டு, நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கிறவர்களுக்கு பேட்ச்சோ நிக்கோட்டின் சூயிங்கமோ நல்ல துணை. அதை எடுத்துக்கொள்வது தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். சிகரெட் பசியை அமுக்கி வைத்திருந்ததால் பசி எது, அசதி எது என்றே சில நாள் பிடிபடாது. இனிப்பை வாயில் போட்டால் தெம்பு வரும் என்று தோன்றும், ஆனால் அப்புறம் அசதி கூடலாம்.

ஒரு மாதம் தாண்டியும் சோர்வு குறையவில்லை, எதிலும் பிடிப்பில்லாமல் மனசு கனத்துக் கிடக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும், தியோஃபிலின் (ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லைக்கு), குளோசபின், ஒலான்சபின் (மனநோய்க்கு) போன்ற மருந்து எடுக்கிறவர்களும் சிகரெட்டை விடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காபிக்குச் சொன்ன அதே நொதிதான் இந்த மூன்று மாத்திரைகளையும் உடைக்கிறது, அது அடங்கினால் பழைய அளவே உடம்புக்கு அதிகமாகிவிடலாம், குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களுக்கு மயக்கமும் தூக்கமும் அதனாலேயே வரலாம். நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள்.