பைத்தானிலிருந்து சி லைப்ரரி: அரேயும் பாயிண்டரும்

சி லைப்ரரி ஒன்றைப் பைத்தானிலிருந்து கூப்பிட எனக்குப் பிடித்தது சிடைப்ஸ் (ctypes) என்ற மாட்யூல்தான், பைத்தானோடே வந்துவிடுகிறது. எண்ணை அனுப்பி எண்ணை வாங்கும் ஃபங்ஷன்கள் சுலபம், அரே வந்தால்தான் வேலை கூடும். ஒரு ஃபங்ஷன் டபுள் அரேயையும் அதன் நீளத்தையும் வாங்கிக்கொண்டு, மாலாக்கில் (மெமரி ஒதுக்கும் சி ஃபங்ஷன்) ஒதுக்கிய புது அரேயின் பாயிண்டரை, அதாவது மெமரி முகவரியைத் தருகிறது, விடையின் நீளத்தை ஒரு இன்ட் பாயிண்டர் வழியாக எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் உள்ளே அனுப்புவது. சி_டபுளை நீளத்தால் பெருக்கினால் அரே டைப் கிடைக்கும், அதற்குள் லிஸ்ட்டை நட்சத்திரக் குறியோடு விரித்துக் கொடுங்கள். நீளம் திரும்பி வர ஒரு சி_இன்ட் உருவாக்கி பைரெஃப்பில், அதாவது அதன் முகவரியாக, அனுப்புங்கள்.

அடுத்தது ரெஸ்டைப், அதாவது ஃபங்ஷன் திருப்பித் தரும் டைப், இங்கே நிதானமாகப் பாருங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஃபங்ஷன் இன்ட் தருகிறது என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் பாயிண்டர் 8 பைட், இன்ட் 4 பைட்தான். ஹெக்ஸில் 558190462010 என்ற முகவரி 90462010 ஆகச் சுருங்கிவிடும், முதல் பிட் 1 என்பதால் பைத்தானில் மைனஸ் எண்ணாகத் தெரியும். அப்போது எந்தப் பிழைச்செய்தியும் வராது, பிறகு அந்த முகவரியைப் படிக்கப் போகும்போதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து புரோகிராம் நின்றுவிடும்! அதனால் கூப்பிடுவதற்கு முன்பே ரெஸ்டைப்பில் சி_டபுளின் பாயிண்டர் என்று எழுதிவிடுங்கள். ஃபங்ஷன் வாங்கும் டைப்களைச் சொல்லும் ஆர்க்டைப்ஸையும் விடாதீர்கள். வாய்ட் பாயிண்டர் (எந்த டைப் என்று சொல்லாத முகவரி) தரும் ஃபங்ஷனில் ரெஸ்டைப் சரியாக இருந்தாலும் கையில் கிடைப்பது சாதாரண எண்தான், ஆர்க்டைப்ஸ் இல்லாமல் அதை விடுவிக்கும் ஃபங்ஷனுக்கு அனுப்பினால் அங்கேயும் பாதி வெட்டுப்படும்.

அப்புறம் படிப்பது. பாயிண்டருக்குத் தன் நீளம் தெரியாது. 10 எண்கள் உள்ள இடத்தில் 11-வதைக் கேட்டாலும் இன்டெக்ஸ் எரர் வராது, பெரும்பாலும் ஏதோ ஒரு குப்பை எண் வரும். திரும்பி வந்த நீளம்வரை ஸ்லைஸ் செய்யுங்கள், தனிப் பிரதியாக ஒரு லிஸ்ட் கிடைக்கும். அதற்குப் பிறகே மெமரியை விடுவிக்க வேண்டும், அதுவும் அந்த லைப்ரரியே தரும் ஃபங்ஷனால். விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் தனி சி ரன்டைமோடு வரலாம், வேறொன்றின் ஃப்ரீயைக் கூப்பிட்டால் ஹீப் (மாலாக் ஒதுக்கும் மெமரிப் பகுதி) கெட்டுவிடலாம்.

ஸ்ட்ரிங் தரும் ஃபங்ஷனுக்கு சி_சார்_பி வசதிதான், ஆனால் அது நேராக பைட்ஸாக மாற்றிவிடுவதால் விடுவிக்கப் பாயிண்டர் மிஞ்சாது. விடுவிக்க வேண்டியது நம் பொறுப்பு என்றால் சி_சாரின் பாயிண்டர் என்று எழுதுங்கள்.

பின்சேர்க்கை: நம்பை (NumPy, எண் கணக்குகளுக்கான பைத்தான் லைப்ரரி) அரேயை அனுப்பினால் விடை தப்பாக வருகிறது என்று சிலர் கேட்டார்கள். டிரான்ஸ்போஸ் செய்த (வரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்றிய) அரேயா என்று பாருங்கள். நம்பை டேட்டாவை நகர்த்துவதில்லை, வடிவத்தையும் ஸ்ட்ரைடையும் (அடுத்த எண்ணுக்கு எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்ற கணக்கு) மட்டும் மாற்றுகிறது, சி பக்கம் அது தெரியாது. அனுப்பும் முன் அஸ்கன்டிகுவஸ்அரே வழியாக ஃப்ளோட்64 ஆக்கி, அந்தப் புது அரேயை ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள்.