கவாலாவுக்குப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட கிரேக்கத்தில், தெசலோனிக்கியிலிருந்து கிழக்கே சுமார் 160 கி.மீ. தொலைவில், மலைச்சரிவு நேராகக் கடலில் இறங்கும் இடத்தில் இருக்கிறது கவாலா. சாந்தோரினி படங்களைப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் தேடி வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். இங்கே இருப்பவை ஓட்டோமான் காலத்து வீடுகள், புகையிலைக் கிடங்குகள், நகரின் நடுவே நிற்கும் கல் நீர்ப்பாலம், மீன்பிடித் துறை. மற்றபடி, இந்த ஊரில் பயணிகள் படும் அவதியில் பெரும்பகுதி வரைபடத்தைச் சரியாகப் பார்க்காததால் வருவது.

வந்து சேர்வதில்

முதல் தவறு, ரயிலை நம்புவது. தெசலோனிக்கியிலிருந்து அலெக்சாண்ட்ரூபோலிக்குப் போகும் ரயில் பாதை கவாலாவைத் தொடுவதே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், திராமா வழியாகப் போய்விடுகிறது. கவாலாவுக்குப் பேருந்துதான் வழி. கிரேக்கத்தில் வெளியூர்ப் பேருந்துகளை 'க்தெல்' என்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தனி க்தெல் உண்டு. ஆகவே ஏதென்ஸ் க்தெல்லின் இணையப் பக்கத்தில் கவாலா நேர அட்டவணையைத் தேடினால் கிடைக்காது. கவாலா க்தெல்லின் பக்கத்தையே பார்க்க வேண்டும்.

தெசலோனிக்கியில் விமான நிலையம் நகரின் தென்கிழக்கு ஓரத்தில்; மகெதோனியா பேருந்து நிலையம் மேற்கு ஓரத்தில். நடுவில் ஊர் முழுக்கக் கடக்க வேண்டும். நகரப் பேருந்தில் ஒரு மணி நேரம், நெரிசல் வேளையில் அதற்கும் மேல். விமானம் தரையிறங்கியதிலிருந்து இரண்டரை மணி நேரமாவது இடைவெளி விட்டுப் பேருந்துச் சீட்டு எடுங்கள். அங்கிருந்து எக்னாத்தியா நெடுஞ்சாலை வழியே கவாலா சேர இரண்டு முதல் இரண்டரை மணி நேரம்.

கவாலாவின் பெயரிலேயே ஒரு விமான நிலையமும் உண்டு. அது நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. கிழக்கே, கிரிசூபோலி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கேதான் பலர் தாசோஸ் தீவுப் பயணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். தீவுக்கு இரண்டு கப்பல் வழிகள்: கவாலாவிலிருந்து பிரீனோஸ் துறைக்கு ஒன்று, கெரமோத்தியிலிருந்து தீவின் தலைநகரான லிமெனாஸுக்கு மற்றொன்று. கெரமோத்தி விமான நிலையத்துக்கு மிக அருகில். அங்கிருந்து கப்பல்கள் அதிகம், கடற்பயணமும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விமானத்தில் வந்து தீவுக்கே போகிறவர், முதலில் மேற்கே கவாலா வரை டாக்சியில் போய், அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கடலில் போவது வீண்செலவு. மாறாக, கவாலாவில் தங்கியிருப்பவர் பிரீனோஸ் கப்பலைப் பிடிப்பதே சரி. ஒரு நிபந்தனை: தீவில் அறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரீனோஸும் லிமெனாஸும் ஒரே ஊர் அல்ல.

ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கிரேக்கர்களே கூட்டமாக விடுமுறைக்குக் கிளம்பும் நாள். அதையொட்டிய வாரத்தில் காரோடு கப்பல் ஏற நினைப்பவர்கள் அதிகாலையிலேயே துறைக்குப் போய்விடுவது நல்லது. ஜூன், செப்டம்பர் மாதங்களில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய நகரில்

துறைமுகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குன்றுதான் பனாகியா எனும் பழைய நகர். வாடகைக் காரில் வருகிறவர்கள் வழிகாட்டிச் செயலி சொல்கிறபடி அதற்குள் ஏறிவிடுகிறார்கள். தெரு குறுகும், எதிரே ஒரு வண்டி வரும், செங்குத்தான கல்பாவிய தெருவில் பின்னோக்கி இறங்க வேண்டியிருக்கும். காரைத் துறைமுகப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். வழவழப்பான கற்கள், மழை பெய்தால் ரப்பர் செருப்பு வழுக்கும்.

கமாரெஸ் என்னும் நீர்ப்பாலத்தை ரோமானியர் கட்டியது என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். இன்று நிற்பது 16-ஆம் நூற்றாண்டு ஓட்டோமான் கட்டுமானம். சுமார் 60 வளைவுகள், உயரம் 25 மீட்டர் வரை. மலையிலிருந்து குன்றின் மேலிருந்த நகருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டியது.

எகிப்தை ஆண்ட முகமது அலி 1769-இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் பிறந்த வீடும், அதன் முன்னால் குதிரைமேல் அவர் சிலையும் குன்றின் முனையில் இருக்கின்றன. அவர் கட்டுவித்த இமாரெத், ஏழைகளுக்கு உணவும் மாணவர்களுக்குப் படிப்பும் தந்த அறநிலையம், இப்போது உயர்விலை விடுதி. வாசலைப் பார்த்து அருங்காட்சியகம் என்று நினைத்து நேரே நுழைய முடியாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்டு நேரம் வாங்குங்கள்.

மதியம் இரண்டரை மணிக்கு மேல் கடைவீதி அடங்கிவிடும். திங்கள், புதன், சனி மாலைகளில் சிறிய கடைகள் பல திறப்பதேயில்லை. ஞாயிறு சுத்தமாக மூடல். மருந்து, சிம் கார்டு போன்றவற்றைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

பிலிப்பியைத் தவறவிடுவது

பெரிய இழப்பு இதுதான். 15 கி.மீ. வடக்கே, 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தொல்நகர் பிலிப்பி. கி.மு. 356-இல் மகெதோனிய மன்னர் இரண்டாம் பிலிப் தன் பெயரிட்ட ஊர். கி.மு. 42-இல் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் அந்தோணி, ஒக்டேவியன் படைகளிடம் தோற்றது இதன் வாசலில். பவுல் அப்போஸ்தலர் அன்றைய நெயாபோலிஸில், அதாவது இன்றைய கவாலாவில், கரையிறங்கி நடந்து வந்தது இந்த ஊருக்கு.

திராமா போகும் க்தெல் பேருந்தில் ஏறி, 'பிலிப்பி தொல்லியல் களம்' என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் களத்தைத் தாண்டிப் போய்விட வாய்ப்புண்டு. இறங்கும்போதே திரும்பும் பேருந்தின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு.

களத்தைச் சுற்ற இரண்டரை மணி நேரம் வேண்டும். நிழல் இல்லை. ஜூலை மதியத்தில் போகிறவர்கள் நாடக அரங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவருகிறார்கள். அதனால் எண்கோணத் தேவாலயத்தின் தரையில், பவுலின் பெயரைச் சொல்லும் 4-ஆம் நூற்றாண்டு மொசைக் கல்வெட்டு விட்டுப்போகிறது. திறந்தவுடன் போங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி. கடும் வெயில் நாட்களில் அரசே நண்பகலில் களங்களை மூடுவதுண்டு. குளிர்காலத்தில் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். பவுலின் போதனையைக் கேட்டு லீதியாள் என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றதாகக் காட்டப்படும் ஆற்றங்கரை வேலிக்கு உள்ளே இல்லை. மேற்கே சற்றுத் தள்ளி நடக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில்

பெரிய மீனுக்கு உணவுப் பட்டியலில் போட்டிருக்கும் விலை தட்டுக்கல்ல, கிலோவுக்கு. கிலோ 60 யூரோ என்றால் 600 கிராம் மீனுக்கு 36 யூரோ. சமைக்குமுன் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே அது வழக்கம்தான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மத்தியும் நெத்திலியும் தட்டுக் கணக்கில் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும். உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் அது உறைய வைத்தது.

சைவர்கள் 'நிஸ்தீசிமா' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். விரத உணவு என்று பொருள். நல்ல யோசனைதான், ஆனால் பொறி இருக்கிறது: கிரேக்க விரதத்தில் இறைச்சி, பால், முட்டை கிடையாது, கணவாயும் சிப்பியும் உண்டு. யெமிஸ்தா எனும் அரிசி அடைத்த தக்காளியில் சில இடங்களில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள், கேட்டுவிடுங்கள். யீகாந்தெஸ் பெரும்பயறு, ஹோர்த்தா கீரை, நம் பருப்புக் கடைசல் போன்ற ஃபாவா ஆகியவை பொதுவாகப் பாதுகாப்பானவை. ஃபாவாவின் மேல் மீனோ கணவாயோ வைத்துத் தரும் கடைகளும் உண்டு என்பதால், அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

'நே' என்றால் 'ஆம்'. ஆங்கிலம் பழகிய காதுக்கு மறுப்பாகவே கேட்கும். தலையை மேலே தூக்கி நாக்கைச் சொடுக்கினால் 'இல்லை'. ஐந்து காப்பி வேண்டும் என்று விரித்த உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அது அங்கே பச்சையான வசவு. புறங்கையைக் காட்டுங்கள், அல்லது 'பெந்தே' என்று சொல்லுங்கள்.

வாங்கிவர வேண்டியது குராபியேதெஸ்: பாதாமும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்டு, மேலே பொடித்த சர்க்கரை குவித்த பிஸ்கட். விமான நிலையம் போகும் வழியில், 10 கி.மீ. கிழக்கே உள்ள நெயா கர்வாலியில் வாங்குங்கள். இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் ஊன்றிய ஊர் அது, இந்தப் பண்டத்துக்குப் பேர்போனது. எளிதில் நொறுங்கும் என்பதால் கடையின் அட்டைப் பெட்டியோடு கைப்பையில் வையுங்கள். கடிக்கும்போது மட்டும் மூச்சை உள்ளிழுக்காதீர்கள், சர்க்கரைத் தூள் புரையேறிவிடும்.