எண்ணெய்க் குப்பியைத் தள்ளி வையுங்கள்: கை மாறி வந்த ஏர் ரைஃபிளைச் சீராக்கும் முறை

பழைய ஏர் ரைஃபிள் ஒன்று கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, தையல் மெஷின் எண்ணெயையோ துரு நீக்கும் ஸ்பிரேயையோ எடுத்துத் துளை கண்ட இடத்திலெல்லாம் விடுவது. ஸ்பிரிங் ரைஃபிள் எண்ணெய் வற்றிக் கெடுவதைவிட, விடக்கூடாத இடத்தில் எண்ணெய் போய்க் கெடுவதுதான் அதிகம். உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவரும் அதையே செய்திருப்பார் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். பவர் இல்லை, குறி தவறுகிறது என்று வரும் ரைஃபிள்களில் பல ஸ்பிரிங்கைத் தொடாமலே சரியாகிவிடும்.

இங்கே சொல்வது குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் வகைக்கு. காற்றுச் சிலிண்டர் உள்ள வகையைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

காலியா என்று பார்ப்பது

மணல் நிரப்பிய கனமான பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, முனையை அதன் பக்கம் திருப்பிக் குழலை மடக்குங்கள். வழக்கமாக ஸ்பிரிங் எதிர்த்து அழுத்தும். கடைசி வரை தொளதொளவென்று இறங்கினால் இரண்டில் ஒன்று: ஸ்பிரிங் ஏற்கெனவே ஏற்றிய நிலையில் இருக்கிறது, அல்லது முறிந்திருக்கிறது. எது என்று பார்க்கக் குழல் திறந்திருக்கும்போது விசையை (டிரிகரை) தட்டிவிடாதீர்கள். குழல் சீறிக்கொண்டு மேலே வந்து மூடும்; மரக்கட்டை பிளக்கும், குழல் வளையும், விரல் நடுவில் இருந்தால் விரலும் போகும். உள்ளே அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரு பெல்லட் (ஈயக் குண்டு) போட்டு மூடி, பெட்டிக்குள் சுட்டு இறக்குங்கள். சேஃப்டியை நம்பி இருந்துவிடாதீர்கள். குழல் திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் ஒரு கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய பெல்லட் சிக்கியிருப்பது தெரியும். அதை இன்னொரு பெல்லட்டால் சுட்டுத் தள்ள நினைக்க வேண்டாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் மெதுவாகத் தள்ளி எடுங்கள்.

ஸ்குரூ, மடக்கு மூட்டு, வாஷர்

ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு முறை சுடும்போதும் முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னால் உதைக்கும். கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் இதில் தானாகவே தளரும். முன்பக்கம் இரு புறமும் உள்ளவை, விசைக் காப்புக்கு அருகில் உள்ளவை என எல்லாவற்றையும் கழற்றி, மரையை ஸ்பிரிட்டால் துடைத்து, நீல நிற திரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து, மாற்றி மாற்றிச் சமமாக முறுக்குங்கள். சிவப்பு திரெட் லாக் வேண்டாம். பிறகு சூடாக்காமல் கழற்றவே முடியாது. அளவுக்கு மீறி முறுக்கினால் மரம் நசுங்கி மறுபடியும் தளரும். கையோடு கைப்பிடிக் கழுத்திலும் ஸ்குரூத் துளைகளைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

குழலைச் சற்றே திறந்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மடக்கு போல்ட் தளர்ந்திருக்கிறது. பக்கத்தில் அதைப் பூட்டும் சின்ன ஸ்குரூ இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம். வெறும் பின் மட்டும் உள்ள மாடலில் இறுக்க வழியில்லை. பக்கத்து வாஷரைத் தடிமனாக மாற்றுவதுதான் தீர்வு.

அடுத்தது குழலின் பின்முனையில் காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். மிக மலிவான பாகம், ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, குழலும், ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் போடுங்கள். பெல்லட் போட்டுச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. ஓ-ரிங் தன் பள்ளத்திலிருந்து மயிரிழை போல, சுமார் 0.2 மில்லிமீட்டர், வெளியே நிற்க வேண்டும். நகத்தால் வருடினால் தட்டுப்பட வேண்டும். தட்டையாகி இறுகியிருந்தால் ஊசி முனையால் நெம்பி எடுங்கள், பள்ளத்தின் சுவரைக் கீறிவிடாமல். அடியில் ஈயத் துணுக்கும் கருப்புப் பசையும் சேர்ந்திருக்கும், துடையுங்கள். புது ஓ-ரிங் இன்னும் தாழ்ந்தே நின்றால் அடியில் மெல்லிய காகித வளையம் ஒன்றை வெட்டி வைத்தால் போதும்.

குழல்

ஏர் ரைஃபிளில் வெடிமருந்துக் கரி கிடையாது. ஈயமும் பழைய மசகும்தான். ஆகவே அமோனியா கலந்த துப்பாக்கிக் கரைப்பான் தேவையில்லை, அது ரப்பர் வாஷர்களையும் தின்றுவிடும். இரும்புக் கம்பியும் வேண்டாம். குழலின் இரும்பு மென்மையானது, பெல்லட்டைச் சுழற்றும் உள்வரிகள் கீறும்.

தூண்டில் நரம்பை இரட்டையாக மடித்து முனையிலிருந்து பின்னோக்கி நுழைத்து, வளையத்தில் பருத்தித் துணித் துண்டை மாட்டி, பின்னிருந்து முனைப் பக்கம் ஒரே இழுவையில் இழுங்கள். 4.5 மில்லிமீட்டர் குழலுக்குத் துணி சுமார் 2 சென்டிமீட்டர் சதுரம், 5.5-க்குச் சற்றே பெரிது. இறுக்கமாக வர வேண்டும், மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முதல் துண்டில் மட்டும் மென்மையான சுத்திகரிப்புத் திரவம் ஒன்றிரண்டு சொட்டு, மற்றதெல்லாம் உலர்ந்த துணி. வெளிர் சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். வெள்ளையாக வரும் வரை இழுப்பது வீண் வேலை. துணி செம்பழுப்பாக வந்தால் உள்ளே துரு.

முனை விளிம்பைப் பஞ்சுக்குச்சியால் உள்ளிருந்து வெளியே வருடிச் சுற்றிவாருங்கள். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டால் அங்கே பிசிர். குறி சிதறுவதற்கு அது ஒன்றே போதும். சுத்தம் செய்த குழல் உடனே நேராகச் சுடாது. 10 முதல் 20 பெல்லட் போன பிறகே அடி ஒரே இடத்தில் விழத் தொடங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

சுட்டதும் புகையும் காதைப் பிளக்கும் சத்தமும் வந்தால் பவர் கூடிவிட்டது என்று மகிழ வேண்டாம். பிஸ்டனுக்கு முன்னால் போன எண்ணெய், அழுத்தத்தில் சூடேறிய காற்றில் தீப்பிடிக்கிறது. இது தொடர்ந்தால் பிஸ்டன் முகப்பில் காற்றைப் பிடிக்கும் வாஷர் கருகும், ஸ்பிரிங் முறியும். ஸ்பிரே அடித்திருந்தால் காரணம் அதுதான். கம்பி அதிர்வது போல 'டொய்ங்' என்று கேட்டால் ஸ்பிரிங் தன் வழிகாட்டிக் குழாயில் தளர்வாக இருக்கிறது. ஏற்றும்போது நறநறவென்றால் ஸ்பிரிங் முறிந்திருக்கலாம், அல்லது உள்ளே உலர்ந்துபோயிருக்கிறது. சத்தம் மந்தமாக, பவரும் குறைவாக இருந்தால் பிஸ்டன் வாஷரைச் சந்தேகப்படுங்கள்.

பழைய ரைஃபிள் சிலவற்றில் வாஷர் தோல். தோல் உலர்ந்தால் காற்றைப் பிடிக்காது. குழலை மடக்கினால் சிலிண்டர் முகப்பில் தெரியும் சிறு துளையில் சிலிகான் ஆயில் 3, 4 சொட்டு விட்டு, மூடி, கட்டை கீழே முனை மேலே இருக்கும்படி ஓர் இரவு நிறுத்துங்கள். செயற்கை வாஷருக்கு அந்தத் துளையில் ஒன்றும் விடத் தேவையில்லை.

கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மெதுவாகத் தளர்த்தும் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் கட்டாயம். ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் பல சென்டிமீட்டர் அழுந்தித்தான் இருக்கும். கையால் பிடித்துக் கழற்றினால் பின்மூடி முகத்துக்கு வரும். வெளியே எடுத்த ஸ்பிரிங்கைக் கண்ணாடிமேல் உருட்டுங்கள், தத்தித் தத்திப் போனால் வளைந்துவிட்டது. சிலிண்டரின் நீளப் பிளவு ஓரங்களைத் தடவிப் பாருங்கள்: கூர்மையாக இருந்தால் நுண் உப்புத்தாளால் மழுக்கிய பிறகே புது வாஷரை நுழையுங்கள், இல்லாவிட்டால் முதல் நுழைப்பிலேயே கிழியும். மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் பிஸ்டனின் பக்கங்களிலும் பின்புறத்திலும் படலம் போல மட்டும். வாஷரின் முன்முகம் உலர்ந்தே இருக்கட்டும்.

கடினமான ஸ்பிரிங் போட்டால் பவர் கூடும் என்ற ஆசையில் உதைதான் கூடும். பவர் வரம்பு வைத்திருக்கும் நாடுகளில் சட்டச் சிக்கலும் சேரும். விசையின் கொக்கிகளை அரத்தால் தேய்ப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று: கொக்கியின் மேலுள்ள மெல்லிய கடினப் படலம் போனால் ரைஃபிள் தானாகவே சுட்டுவிடலாம்.

வெளித்துருவை மிக நுண்ணிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு லேசாகத் தேய்த்து எடுக்கலாம். சுட்டு முடித்ததும் இரும்பைத் துடைத்து வையுங்கள், கைவியர்வை ஒரே இரவில் கறையாகும். ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் வைக்கக் கூடாது. பஞ்சு மெத்தை உள்ள உறையில் மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் பிடிக்கும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும், குழலைச் சுத்தம் செய்யும் இலகுவான ஃபெல்ட் பெல்லட்டைச் சுடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்: எதிர்க்கும் காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரின் முன்சுவரில் மோதும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார வேண்டாம்.

காற்றுச் சிலிண்டர் வகையில் ஒரு ஸ்குரூவைத் தொடும் முன்னரும் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். ஓ-ரிங்குகளுக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் வெடிக்கலாம். சிலிண்டரில் சோதனைத் தேதி பொறித்திருந்தால் படியுங்கள். கெடு முடிந்திருந்தாலோ, தேதி அழிந்திருந்தாலோ, சோதித்து வாங்கும் வரை காற்று நிரப்பாதீர்கள்.