மார்மன் ஸ்காலர் எங்க வேலைக்குப் போறது? பண்ணக்கூடாத சில தப்புங்க

அமெரிக்கால மத வரலாறு, சமூகவியல், இலக்கியம்னு பிஎச்டி பண்ற, மார்மன்ங்கற அமெரிக்க கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பசங்க, பொண்ணுங்க கடைசி வருஷம் வந்ததும் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. பிரிகாம் யங் யூனிவர்சிட்டிக்குப் போறதா, வெளிய மதம் சாராத ஏதாவது செகுலர் கேம்பஸ் பாக்கறதா? யூடா மாநிலத்துல ப்ரோவோங்கற ஊர்ல 1875லேர்ந்து இருக்கற யூனிவர்சிட்டி அது, மார்மன் சர்ச்சுக்கே சொந்தம், சுருக்கமா பிஒய்யுன்னு சொல்வாங்க. என்னைக் கேட்டா கடைசி வருஷத்துல இந்தக் கேள்விக்கு வர்றதே லேட்டு, ஏன்னா பெரிய தப்பு அதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடியே தீசிஸ் தலைப்பு எடுக்கறப்ப நடந்து முடிஞ்சிருக்கும்.

எப்படின்னா, பாட்டன் பூட்டன் கைவண்டிய இழுத்துக்கிட்டு யூடாவுக்கு நடந்தே வந்தவரு, அவரு டைரி வீட்டுப் பரண்லயே கிடக்கு, மொழி தெரியும், ஆளுங்களத் தெரியும், அப்போ அதையே தீசிஸா பண்ணிடலாம்னு தோணும். தோணறதுல தப்பில்ல. ஆனா அந்த தீசிஸ மார்மன் அல்லாத ஒருத்தர் எதுக்குப் படிக்கணும்ங்கறதுக்கு பதில் இல்லாம எழுதினா, வேலை கொடுக்கற இடம் மூணோ நாலோதான், அதுல பெருசு பிஒய்யு. அதாவது நீங்க பிஒய்யுவ தேர்ந்தெடுக்கல, வேற கதவே இல்லாம பண்ணிக்கிட்டீங்க.

மார்மன் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புஷ்மனைப் பாருங்க. 1960கள்ல அவரு பிஒய்யுலதான் பாடம் எடுத்துட்டு இருந்தாரு. அங்கேர்ந்து பாஸ்டன், டெலவேர், அப்புறம் கொலம்பியான்னு போக முடிஞ்சதுக்கு காரணம் காலனி காலத்து கனெக்டிகட் பத்தி அவரு எழுதின புத்தகம், 1968ல பான்கிராஃப்ட்ங்கற வரலாற்றுப் புத்தகப் பரிசு வாங்கினது, அதுல மார்மன் சமாச்சாரமே கிடையாது. மார்மன் சர்ச்ச ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் பத்தின பெரிய வாழ்க்கை வரலாறு வந்தது 2005ல, அப்போ அவருக்கு எழுபதத் தாண்டியிருந்துச்சு. இன்னொரு மார்மன் வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் அல்ரிச் கதையும் இதேதான். மெய்ன் மாநிலத்துல பிரசவம் பாத்த ஒரு அம்மாவோட டைரிய வச்சு எழுதினாங்க, 1991ல புலிட்சர், 1995ல ஹார்வர்ட். மார்மன் பெண்களோட பலதார மணம் பத்தி அவங்க புத்தகம் போட்டது 2017ல! எல்லாரும் அவ்ளோ நாள் காத்திருக்கணும்னு சொல்ல வரல, அது ஓவர். யூடா யூனிவர்சிட்டில இருக்கற பால் ரீவ் மார்மன் விஷயத்தையேதான் எழுதறாரு, ஆனா அமெரிக்கால யாரை வெள்ளைக்காரன்னு எண்ணினாங்கங்கற கேள்வியோட சேத்து எழுதினதால இன வரலாறு படிக்கறவங்களும் அதை எடுத்துப் படிக்கறாங்க. அந்த சேத்து எழுதறதுலதான் விஷயமே இருக்கு.

அடுத்தது, பிஒய்யு ஆஃபர் வந்ததும் சம்பளத்தையும் ப்ரோவோ வீட்டு விலையையும் மட்டும் பாத்துட்டு கையெழுத்துப் போடறது. அங்க டென்யூர்னு, அதாவது சுலபமா தூக்க முடியாத நிரந்தர வேலைன்னு, ஒண்ணு கிடையாது, 'கன்டினியூயிங் ஸ்டேட்டஸ்'தான். 2022லேர்ந்து புதுசா சேர்ற மார்மன்னா, மார்மன் கோயிலுக்குள்ள போறதுக்கான அனுமதிச் சீட்டான டெம்பிள் ரெகமெண்ட் கைல இருக்கணும், அதுக்கு தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, கட்டணும், உள்ளூர் பிஷப்கிட்ட பேட்டி குடுக்கணும். அந்த பிஷப் யாருன்னா சம்பளம் இல்லாம சேவை பண்ற பக்கத்துத் தெருக்காரரு, பல் டாக்டராவோ இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாவோ இருக்கலாம், உங்க ஆராய்ச்சி என்னன்னு அவருக்குத் தெரியணும்னு அவசியமில்ல, ஆனா உங்க வேலை ஒருவகைல அவரு கைல இருக்கு. மேல ட்ரஸ்டீ போர்டுல உக்காந்திருக்கறது சர்ச்சோட தலைவரும் அப்போஸ்தலர்களும். நம்ம ஊர்ல ட்ரஸ்ட் நடத்தற காலேஜ்ல தாளாளர் வச்சதுதான் சட்டம்ல, கிட்டத்தட்ட அப்படி, ஆனா இங்க தாளாளரே தீர்க்கதரிசியும்கூட.

இதெல்லாம் ஒளிச்சு வச்ச விஷயம் இல்ல. 1992லயே அகாடமிக் ஃப்ரீடம் பாலிசின்னு எழுதி வச்சிருக்காங்க, சர்ச்சோட அடிப்படைக் கோட்பாட்ட எதிர்த்தா, சர்ச் அமைப்பையோ அதோட தலைவர்களையோ வேணும்னே தாக்கினா கட்டுப்பாடு வரும்னு அதுலயே இருக்கு. அடுத்த வருஷமே டேவிட் நோல்டன், செசிலியா ஃபார்னு அங்க ரெண்டு பேராசிரியர்களுக்கு வேலை போச்சு, 1998ல அமெரிக்கப் பேராசிரியர் சங்கமான ஏஏயுபி பிஒய்யு மேல கண்டனம் போட்டுச்சு. சொல்ல மறந்துட்டேன், மேல சொன்ன அல்ரிச்சை 1993ல நடந்த பிஒய்யு பெண்கள் மாநாட்டுக்குப் பேச்சாளரா முன்மொழிஞ்சாங்க, ட்ரஸ்டீ போர்டு வேணாம்னுட்டாங்க, காரணமும் சொல்லல. புலிட்சர் வாங்கினவங்களுக்கே அந்த கதி. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, நம்பிக்கையோட, சந்தோஷமா அங்க வேலை செய்யற நல்ல ஸ்காலர்ஸ் நிறைய பேர் இருக்காங்க, அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. தெரியாம போறவங்களுக்குத்தான் இது.

சரி அப்போ யூடாவுலயே கவர்ன்மென்ட் யூனிவர்சிட்டிக்குப் போயிட்டா பிரச்சனை தீர்ந்துச்சுன்னு நினைக்கறதும் தப்புதான். சட்டப்படி பாத்தா சேஃப், லோகன்ல யூடா ஸ்டேட், சால்ட் லேக்ல யூடா யூனிவர்சிட்டி, ஓரெம்ல யூடா வேலின்னு நல்ல இடங்களும் இருக்கு, நோல்டனே பின்னாடி யூடா வேலிலதான் பாடம் எடுத்தாரு. ஆனா டி. மைக்கேல் க்வின் கதையும் இருக்கே. யேல்ல 1976ல பிஎச்டி, பிஒய்யுல பேராசிரியர், பலதார மணம் பத்தி எழுதின ஆராய்ச்சிக்கு வந்த நெருக்கடில 1988ல ராஜினாமா, 1993ல சர்ச்சுலேர்ந்தே நீக்கிட்டாங்க. மார்மன் வரலாறுன்னாலே எல்லாரும் மேற்கோள் காட்டற மனுஷன், 2021ல சாகற வரைக்கும் அவருக்கு இன்னொரு நிரந்தர பேராசிரியர் வேலை கிடைக்கல. நன்கொடை குடுக்கறவங்க, ஸ்டூடன்ட்ஸ், சட்டசபைன்னு சுத்தி இருக்கற ஊரே ஒரே சர்ச்சா இருக்கறப்ப வேலைய சட்டம் மட்டும் முடிவு பண்ணாது.

மார்மன் ஸ்டடீஸ் சேர், அதாவது மார்மன் ஆராய்ச்சிக்குன்னே ஒதுக்கின பேராசிரியர் பதவி, கிடைச்சுடும்னு கணக்குப் போடறதயும் விட்டுடுங்க. க்ளேர்மான்ட், யூடா ஸ்டேட், வர்ஜீனியா, யூடா யூனிவர்சிட்டி, இன்னும் ஒண்ணு ரெண்டு, கைவிரல்லயே எண்ணிடலாம். ஒருத்தர் உக்காந்தா எட்டு பத்து வருஷம் எழுந்திருக்க மாட்டாங்க, எழுந்தாலும் இன்னொரு சேருக்குத்தான் போவாங்க, பேட்ரிக் மேசன் 2019ல க்ளேர்மான்ட்லேர்ந்து யூடா ஸ்டேட் போன மாதிரி. அந்த யூடா ஸ்டேட் சேர்ல முன்னாடி இருந்த ஃபிலிப் பார்லோ இண்டியானால ஹானோவர்ங்கற சின்ன காலேஜ்ல வருஷக்கணக்கா இருந்துட்டுத்தான் அங்க வந்தாரு. டெரில் கிவென்ஸ் ரிச்மண்ட் யூனிவர்சிட்டில இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல காலம் தள்ளிட்டு கடைசியாத்தான் பிஒய்யுக்கு வந்தாரு. வெளியேர்ந்து உள்ள வர்றது சுலபம், உள்ளேர்ந்து வெளிய போறதுதான் கஷ்டம்.

சின்னச் சின்னதா இன்னும் இருக்கு. கட்டுரையெல்லாம் பிஒய்யு ஸ்டடீஸ், டயலாக், ஜர்னல் ஆஃப் மார்மன் ஹிஸ்டரி மாதிரி மார்மன் ஜர்னல்லயே போட்டுட்டு இருந்தா ஓஹையோல வேலைக்கு ஆள் எடுக்கற கமிட்டிக்கு அதோட எடை புரியாது, ஒண்ணாவது பொதுவான ஜர்னல்ல வரணும். மார்மன்னு தெரியக்கூடாதுன்னு ரெஸ்யூமேல மறைக்கறது வேஸ்ட், பிஏ பிஒய்யுன்னு போட்டாலே தெரிஞ்சுடும், அதுக்கு பதிலா சர்ச்சுக்காக ஊழியம் பண்ணப் போன மிஷன்ல கத்துக்கிட்ட போர்த்துகீஸையோ கொரியனையோ ஆராய்ச்சிக்கு யூஸ் பண்ணுங்க. பிஎச்டி ஸ்டூடன்ட்ஸ வளக்கணும்னு ஆசை இருந்தா, பிஒய்யுல வரலாறுலயும் மதத்துலயும் பிஎச்டி கோர்ஸே இல்லன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

அப்படியும் பிஒய்யுதான்னு முடிவு பண்ணிட்டீங்களா, இன்டர்வியூல டிபார்ட்மென்ட் தலைவர்கிட்ட மூணாவது வருஷ ரிவ்யூ, ஆறாவது வருஷ ரிவ்யூ ரெண்டுலயும் இதுவரைக்கும் யாரு தேறாம போனாங்க, எதனாலன்னு நேரா கேளுங்க. சர்ச் தரப்புலேர்ந்து ஒரு பெரிய தலைவரும் தனியா பேட்டி எடுப்பாரு, அதுக்கு முன்னாடியே, நீங்க எழுதப்போற அடுத்த புத்தகம் எதப் பத்தின்னு வீட்லயும் பேசி வச்சுடுங்க.