வாடகை துண்டு விழுகிறதா? பிரித்தானியாவில் உள்ளூர்க் கவுன்சிலிடம் உதவி கேட்கும் முறை

சனிக்கிழமைகளில் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம், பெற்றோருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வாடகைக்காக நகையை அடகு வைத்து, சீட்டைக் கழிவுக்கு எடுத்து, கூடப்பிறந்தவர்களிடம் கைமாற்று வாங்கி, இனி வழியில்லை என்றான பிறகுதான் பலர் வருகிறார்கள். "கவுன்சிலில் கேட்டீங்களா?" என்றால், "அப்பிடி ஒண்டு இருக்கா?" என்பார்கள்.

இருக்கிறது. 2001 முதல் இருக்கிறது. பெயர் டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட், சுருக்கமாக டி.எச்.பி. வாடகைக்கு அரசு தரும் பணம் போதாதவர்களுக்குக் கவுன்சில் மேலதிகமாகக் கொடுப்பது. இது கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. இதை வாங்குவதால் யுனிவர்சல் கிரெடிட்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவிப்பணம்) குறையாது. ஆனால் கேட்டவர் எல்லாருக்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை. கவுன்சிலிடம் இருக்கும் தொகைக்கு ஒரு எல்லை உண்டு. அதனால்தான் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம்.

முதலில்: உங்களுக்குப் பொருந்துமா?

ஹவுசிங் பெனிபிட் (வாடகைக்கு அரசு தரும் பழைய உதவிப்பணம்), அல்லது யுனிவர்சல் கிரெடிட்டில் வீட்டு வாடகைக்கான பகுதி, இரண்டில் ஒன்று உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரி) கழிவு கிடைப்பது மட்டும் போதாது. வீட்டுக்கடன் (மோர்கேஜ்) கட்டுபவர்களுக்கு இது இல்லை.

விசாவில் "பொது நிதியைப் பெற முடியாது" என்ற நிபந்தனை இருந்தால் இதற்கு விண்ணப்பிக்க வேண்டாம். மாணவர் விசா, வேலை விசாவில் வந்த பலருக்கு இது பொருந்தும். உங்கள் விசாவையே பாதிக்கக்கூடிய விஷயம் என்பதால், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் முதலில் பேசுங்கள்.

அடுத்து: பணம் ஏன் போதவில்லை?

படிவத்தில் இதைக் கேட்பார்கள். தனியார் வீட்டில் இருந்தால், அரசு தரும் வாடகைப் பணத்துக்கு ஊருக்கு ஊர் ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 ஏப்ரலில் வைத்த அந்தத் தொகை 2025இலும் ஏறவில்லை, வாடகையோ ஏறிக்கொண்டே போனது. 35 வயதுக்குக் குறைந்த தனியாள் என்றால் பெரும்பாலும் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான கணக்குத்தான். கவுன்சில் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் வாடகைக் கணக்கில் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 விழுக்காடும் வெட்டுவார்கள். அரசிடம் வாங்கும் மொத்தப் பெனிபிட்டுக்கும் (உதவிப்பணம்) ஓர் எல்லை உண்டு. 2023 ஏப்ரலில் வைத்தபடி லண்டனில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,323 பவுண், லண்டனுக்கு வெளியே 22,020. இவற்றில் உங்களுடையது எது என்று பார்த்து, அந்தக் காரணத்தைப் படிவத்தில் எழுதுங்கள்.

எங்கே கேட்பது?

கவுன்சில் டாக்ஸ் பில் அனுப்பும் கவுன்சிலிடம் கேளுங்கள். பில்லின் மேலே பெயர் இருக்கும். இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் 1 முதல் டி.எச்.பி., கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற புதிய நிதிக்குள் போய்விட்டது. பழைய பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். "ஹவுசிங் பேமென்ட்" என்று தேடுங்கள், அல்லது தொலைபேசியில் அப்படிக் கேளுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளையைப் போனில் நிறுத்தி குடும்பத்தின் கடன் கதையைச் சொல்ல வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய பாரம்.

காகிதங்கள்

வாடகை ஒப்பந்தம், கடைசி இரண்டு மாத பாங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, யுனிவர்சல் கிரெடிட்டின் மாதக் கணக்கு, வாடகைப் பாக்கி பற்றி வீட்டுக்காரர் அனுப்பிய கடிதம். வீட்டில் நோயாளி இருந்தால் மருத்துவரின் கடிதமும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள்.

வரவு செலவுக் கணக்கு

நான் பார்த்த நிராகரிப்புகளில் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்தால்தான் வந்தன. நம் ஆட்கள் செலவைக் குறைத்து எழுதுகிறார்கள். சாப்பாட்டுக்கு இவ்வளவா என்று அதிகாரி நினைப்பாரோ என்ற கூச்சம். கடன் இருப்பதைச் சொல்ல வெட்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சம்பளமும் யுனிவர்சல் கிரெடிட்டுமாக மாத வரவு 2,780 பவுண். செலவு: வாடகை 1,700, கவுன்சில் டாக்ஸ் 130, காஸ், மின்சாரம் 170, தண்ணீர் 45, போன், இன்டர்நெட் 50, பஸ், ரயில் 160, சாப்பாடு 560, பிள்ளைகளின் உடுப்பும் பள்ளிச் செலவும் 70, கடன் தவணை 120. மொத்தம் 3,005. மாதம் 225 பவுண் துண்டு விழுகிறது.

இதே குடும்பம் கூச்சப்பட்டுச் சாப்பாட்டை 300 என்று எழுதி, பிள்ளைகளின் செலவையும் கடனையும் விட்டுவிட்டால் மொத்தம் 2,555 ஆகிவிடும். தாளில் 225 பவுண் மிச்சம். மிச்சம் பிடிக்கும் வீட்டுக்குக் கவுன்சில் ஏன் பணம் தரும்?

அதனால் இரண்டு கிழமை கடைப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உண்மையான எண்ணை எழுதுங்கள். ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணத்தையும் சீட்டுக் காசையும் மறைக்க வேண்டாம், அவை ஸ்டேட்மென்ட்டில் தெரியும். "அம்மாவின் மருந்துக்கு மாதம் இவ்வளவு" என்று நீங்களே எழுதிவிட்டால் சந்தேகம் வராது. அதைச் செலவாக ஏற்காமல் விடலாம், ஆனால் மறைத்தது பிடிபட்டால் உங்கள் மற்ற எண்களையும் நம்பமாட்டார்கள்.

உங்கள் நிலையைச் சொல்லும் பெட்டி

முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் மாற்றலாம். "நாங்கள் கஷ்டப்படுகிறோம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "மார்ச் மாதம் என் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். வாடகையில் 225 பவுண் குறைகிறது. மகள் அடுத்த ஆண்டு ஜி.சி.எஸ்.இ. எழுதுகிறாள், பள்ளியை மாற்ற முடியாது. மலிவான வீடு தேடுகிறேன், மூன்று இடம் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு இந்தத் தொகை கிடைத்தால் சமாளிப்போம்." எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, அதற்குள் நீங்கள் என்ன செய்வீர்கள், இந்த மூன்றும் இருக்கவேண்டும். மலிவான வீட்டுக்கு மாறத் தீர்மானித்திருந்தால் முன்பணத்துக்கும் சாமான் ஏற்றும் செலவுக்கும் கேட்கலாம்.

மறுத்துவிட்டால்

ட்ரிபியூனலுக்கு (மேல்முறையீட்டை விசாரிக்கும் மன்றம்) போக முடியாது. ஆனால் முடிவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கவுன்சிலுக்கே எழுதலாம். கடிதத்தில் உள்ள காலக்கெடுவுக்குள் எழுதுங்கள். எந்த எண்ணை அவர்கள் பிழையாக எடுத்தார்கள் என்று குறிப்பிட்டு, ஆதாரத்தை இணையுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இதற்கு இலவசமாக உதவுவார்கள்.

வீட்டை விட்டு எழும்பச் சொல்லி முறையான நோட்டீஸ் வந்துவிட்டால், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இங்கிலாந்தில் 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவவேண்டியது கவுன்சிலின் சட்டக் கடமை. அன்றே ஹவுசிங் பிரிவைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் அமைப்பின் 0808 800 4444 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

கிடைத்துவிட்டால்

கடிதத்தில் முடிவுத் தேதி இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னதாக நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். தானாக நீடிக்காது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். முதல் தடவை எழுதிய கணக்குத்தாளை எறியாமல் வைத்திருந்தால், அப்போது மாறிய எண்களை மட்டும் திருத்தினால் போதும்.